கருப்பன், கருப்பசாமி, தமிழ்ச்செல்வன்: 1920 முதல் 1980 வரை தமிழ்நாட்டில் குழந்தைப் பெயர்கள் மாறிய விதம்

வாக்காளர் பட்டியலில் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று வாக்காளருடையது, இன்னொன்று தந்தை அல்லது கணவருடையது. கூடவே வயது, பாலினம், வீட்டு எண். தென்மாவட்டக் கிராமம் ஒன்றின் பட்டியலை எடுத்து, வயது மூத்தவர்களில் தொடங்கி இளையவர்கள் வரை படித்தால் கருப்பன் மகன் கருப்பசாமி, கருப்பசாமி மகன் தமிழ்ச்செல்வன், தமிழ்ச்செல்வன் மகள் திவ்யா என்பது போன்ற தொடர் ஒன்று கண்ணில் படும். இந்த நான்கு பெயர்களுக்குள் சுமார் எண்பது ஆண்டு அடங்கியிருக்கிறது.

இந்த மாற்றத்தைச் செய்தவை திராவிட இயக்கமும் சினிமாவும்தான் என்பது வழக்கமான விளக்கம். அதில் பாதிதான் சரி. புதுப் பெயர்களை ஊருக்குக் காட்டியவை அவை. ஆனால் கிராமத்து வீட்டில் அந்தப் பெயர் ஒரு பிள்ளையின் மேல் ஒட்டியது, பெரும்பாலும் ஐந்து வயதில், பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேட்டில். இதைக் கணக்கில் கொள்ளாவிட்டால் எந்தப் பெயர் எந்தப் பத்தாண்டில் எழுந்தது என்ற கணிப்பு தவறிப்போகும்.

பிறப்புப் பதிவேடு ஏன் உதவாது

அமெரிக்காவில் 1880 முதலான பிறப்புகளுக்கு ஆண்டுவாரிப் பெயர்ப் பட்டியலைச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகமே வெளியிடுகிறது. இங்கே அப்படி ஒன்றும் கிடையாது. சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டிலேயே பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்துவிட்டது. கிராமங்களில் பதிவேடு ஊர் அதிகாரிகளின் கையில் இருந்தது. பிரசவம் வீட்டில், தகவல் சொல்ல வருபவர் தகப்பனோ தாய்மாமனோ. பதிவாவது பெற்றோர் பெயர், பிறந்த நாள், ஆணா பெண்ணா என்பது. பெயர் வைப்பதோ பதினாறாம் நாள், முப்பதாம் நாள், சில வீடுகளில் குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தும்போது. அதற்குள் பதிவேட்டின் அந்தப் பக்கம் மூடப்பட்டிருக்கும். 1969ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் பெயரில்லாமல் பிறப்பைப் பதிய இடம் தருகிறது. பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது அதன் 14ஆம் பிரிவு. பலர் சேர்க்கவே இல்லை. அதனால்தான் இன்றும் கடவுச்சீட்டுக்கு அலையும் நடுவயதுக்காரர்களின் பிறப்புச் சான்றிதழில் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறது.

ஆகவே கையில் எஞ்சுபவை இரண்டு: பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், வாக்காளர் பட்டியல்கள். முதலாவது வெளியாருக்கு எளிதில் கிடைக்காது. இரண்டாவது எவருக்கும் கிடைக்கும்.

பழைய விதி

1920களில் பெரும்பாலான வீடுகளில் பெயருக்காக யோசிக்க வேண்டிய தேவை இல்லை. மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்ற தாத்தாவின் பெயர், இரண்டாம் மகனுக்குத் தாயைப் பெற்ற தாத்தாவின் பெயர், மூத்த மகளுக்கு அப்பாயியின் பெயர், அடுத்தவளுக்கு அம்மாயியின் பெயர். வரிசை சாதிக்கும் ஊருக்கும் ஏற்பக் கொஞ்சம் மாறும். நான்கு குழந்தைகள் வரை பெயர்கள் ஏற்கெனவே தீர்ந்த கணக்கு. ஐந்தாவது குழந்தைக்குத்தான் குலதெய்வம், நேர்த்திக்கடன், பக்கத்துக் கோயில் எல்லாம் வரும்.

இந்த விதிக்குள்ளேயே ஒரு சிக்கல் இருந்தது. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. மகனுக்கோ அதே பெயர். ராமசாமி என்று பிள்ளையைக் கூப்பிட முடியாத தாய் ராசா, துரை, தம்பி, சாமி, கண்ணு என்று கூப்பிட்டாள். ஆக எல்லாப் பிள்ளைக்கும் இரண்டு பெயர்: வைத்தது ஒன்று, கூப்பிடுவது ஒன்று. பிற்காலத்தில் பள்ளிக்கூடத்தில் மூன்றாவதாக ஒரு பெயர் எழுதப்பட்டபோது வீட்டில் பெரிய எதிர்ப்பு எழாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். எழுத்துப் பெயரும் வாய்ப் பெயரும் வேறாக இருப்பது எல்லாருக்கும் பழகிய விஷயம்.

தாத்தா பெயரே திரும்பத் திரும்ப வந்ததால் பெயர்க் குவியல் வட்டாரத்துக்கு வட்டாரம் கெட்டியாக நின்றது. இசக்கி, சுடலைமுத்து, பேச்சிமுத்து, நெல்லையப்பன், காந்திமதி என்றால் திருநெல்வேலிப் பக்கம். (காந்திமதி நெல்லையப்பர் கோயில் அம்மன்; மகாத்மா காந்திக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை.) அழகர், சொக்கலிங்கம், மீனாட்சி, பாண்டியம்மாள் மதுரை. சென்னியப்பன், நாச்சிமுத்து, அவிநாசியப்பன், பழனிச்சாமி கொங்கு. வைத்தியநாதன், தையல்நாயகி, சாமிநாதன் காவிரிக் கழிமுகம். ஏழுமலை, அண்ணாமலை, திருவேங்கடம், அஞ்சலை, பச்சையம்மாள் வடமாவட்டங்கள். முஸ்லிம் வீடுகளில் ஷாகுல் ஹமீதும் நாகூர் மீரானும் நாகூர் தர்காவிலிருந்து வந்தவை. கத்தோலிக்கரின் சவேரியார், அந்தோணி, சூசை, லூர்து ஆகியவையும் அந்தந்தப் புனிதர் பெயரிலுள்ள கோயில்களைச் சுற்றியே அடர்ந்திருக்கும். பெயரை மட்டும் பார்த்து மாவட்டத்தைச் சொல்லிவிடலாம் என்ற நிலை ஏறக்குறைய 1950 வரை நீடித்தது.

இன்னொரு வகையையும் சொல்ல வேண்டும். குப்பன், குப்புசாமி, குப்பம்மாள், பிச்சை, மண்ணாங்கட்டி. 1920களில் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் இருநூறை ஒட்டிய எண்ணிக்கை முதல் ஆண்டிலேயே இறந்தன. இரண்டு மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில் அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுப்பார்கள், அல்லது தவிட்டுக்கு விற்று வாங்குவார்கள். எமனுக்கு வேண்டாத பொருளாகத் தெரிய வேண்டும் என்பது கணக்கு. குழந்தைச் சாவு குறையக் குறைய இந்தப் பெயர்கள் புதிதாக வைக்கப்படுவது நின்றது. தாத்தா பெயர் என்ற வழியில் மட்டும் இன்னொரு தலைமுறை ஓடியது. பெண் குழந்தைகள் அடுக்கடுக்காய்ப் பிறந்த வீடுகளின் ‘போதும்பொண்ணு’, ‘வேண்டா’ வகைக்கு அந்த அதிர்ஷ்டமில்லை. அவை இன்னும் பிற்காலம் வரை வந்தன.

‘ன்’ விகுதியும் ‘சாமி’ விகுதியும்

பெயர் மாற்றம் என்றவுடன் தனித்தமிழ்ப் பெயர்களைத் தேடுபவர்கள், அதற்கு முன்னரே நடந்த பெரிய மாற்றம் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். கருப்பன், முனியன், மாடன், காத்தான், சின்னான் என ‘ன்’னில் முடியும் தகப்பன்மாரின் பிள்ளைகள் கருப்பசாமி, கருப்பையா, முனியசாமி, முனுசாமி, மாடசாமி, காத்தமுத்து ஆனார்கள். தெய்வம் அதே தெய்வம். மாறியது வால் மட்டும்.

அந்த வாலில்தான் சாதி இருந்தது. ‘சாமி’, ‘ஐயா’, ‘அம்மாள்’ என்று முடியும் பெயரைத் தாழ்த்தப்பட்ட குடும்பத்துக் குழந்தைக்கு வைப்பதை நிலக்காரர்கள் விரும்பவில்லை. வைத்தால், பண்ணையாளின் மகனைத் தாங்களே ‘சாமி’ என்று கூப்பிட வேண்டிவரும். எனவே கருப்பசாமி என்று வைத்தாலும் ஊருக்குள் ‘கருப்பா’ என்ற விளி நிலைத்தது. கணக்குப்பிள்ளையின் ஏட்டிலும் அவ்வாறே ஏறியது. பெண்களில் இதே கோடு இருளாயி, கருப்பாயி என்பவற்றுக்கும் இருளம்மாள், கருப்பம்மாள் என்பவற்றுக்கும் நடுவே ஓடியது.

மேல்தட்டில் வெட்டு வேறு இடத்தில் விழுந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடத் தீர்மானித்தது. பெரியார் 1927இன் இறுதியிலேயே ‘குடி அரசு’ இதழில் தன் பெயரோடு இருந்த நாயக்கர் என்பதை எடுத்துவிட்டிருந்தார். முதலியார், பிள்ளை, நாடார், கவுண்டர் எல்லாம் அடுத்த நாற்பது ஆண்டுகளில் குழந்தைகளின் பள்ளிப் பெயரிலிருந்து உதிர்ந்தன. அந்த இடத்தில் தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும் முன்னால் நின்றது. மேலே வால் அறுபட்டது, கீழே வால் கூடியது. இரண்டும் சேர்ந்து 1960 வாக்கில் பட்டியலைப் பார்த்தால் சாதி சட்டென்று தெரியாத நிலையை உண்டாக்கின. என் கணிப்பில் அந்த அறுபது ஆண்டுகளின் முதன்மையான மாற்றம் இதுதான். தமிழ்ச்செல்வன்களும் அறிவழகன்களும் அதற்கு அடுத்தபடி.

சேர்க்கைப் பதிவேடு

வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொட்டால் ஐந்து வயது. தொட்டவுடன் ஆசிரியர் கேட்பார்: பெயர் என்ன? தகப்பன் ‘சின்னத்தம்பி’ என்பார். அது கூப்பிடுகிற பெயர் என்று ஆசிரியருக்குத் தெரியும். வைத்த பெயர் தாத்தா பெயர், ஏற்கெனவே அந்த வகுப்பில் மூன்று பேருக்கு அதே பெயர். ‘நல்ல பெயராக நானே போட்டுக்கொள்கிறேன்’ என்று அவர் எழுதுவதுதான் பின்னால் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலும், வேலைவாய்ப்பு அலுவலக அட்டையிலும், திருமணப் பத்திரிகையிலும் வரும். பிறந்த தேதியும் அவர் கணக்குதான். ஜூனில் ஐந்து நிரம்பியிருக்க வேண்டும் என்பதால் அந்தக் காலத்துச் சான்றிதழ்களில் மே மாதத்திலும் ஜூன் தொடக்கத்திலும் பிறந்தவர்கள் இயற்கைக்கு மாறாகக் கூடியிருப்பார்கள்.

இது நடந்த வேகத்துக்கு ஒரு காலம் உண்டு. காமராஜர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான ஆண்டுகளில் ஓராசிரியர் பள்ளிகள் சிற்றூர்களுக்குப் போயின. 1956இல் மதிய உணவு தொடங்கியது. அதுவரை பள்ளிக்கே அனுப்பாத குடும்பங்களின் பிள்ளைகள் முதல் முறையாக ஒரு பதிவேட்டில் ஏறினார்கள். அந்தப் பதிவேட்டை எழுதியவர்களோ 1940களிலும் 1950களிலும் மாணவராக இருந்து திராவிடர் கழக, தி.மு.க. கூட்டங்களைக் கேட்டு வளர்ந்த இளைஞர்கள். தமிழாசிரியர்களில் இந்தச் சார்பு இன்னும் அதிகம். திராவிடர் கழகத் தலைவர் கி. வீரமணிக்கு வீட்டில் வைத்த பெயர் சாரங்கபாணி. அதை வீரமணி ஆக்கியவர் அவருடைய ஆசிரியர் திராவிடமணி. புகழ்பெற்றவர் என்பதால் இது எழுதிவைக்கப்பட்டது. புகழ் பெறாத எத்தனையோ பேருக்கும் பெயர் இந்த வழியில்தான் வந்தது.

இயக்கம் பெயரைச் செய்த முறை

1916இல் தனித்தமிழ் இயக்கத்தின் வேதாசலம் மறைமலை அடிகள் ஆனபோது கையாண்ட வழி மொழிபெயர்ப்பு: வேதம் மறை, அசலம் மலை. அவருடைய பிள்ளைகளில் திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆனார், மாணிக்கவாசகம் மணிமொழி ஆனார். இந்த வழி பரவவில்லை. காரணம் எளிது: அறிவுத்தொடர்பு என்று யாரும் ஒரு பிள்ளையைத் தெருவிலிருந்து கூப்பிட மாட்டார்கள். மணிமொழி மட்டும் தப்பித்தது, அது தானாகவே நல்ல பெயர் என்பதால்.

அடுத்த தலைமுறை பழைய பெயரின் பொருளைக் கண்டுகொள்ளவே இல்லை. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். முந்தையதற்கும் பிந்தையதற்கும் பொருள் தொடர்பு கிடையாது. உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் அச்சிட்டதால் கையில் வந்த இளங்கோ, செங்குட்டுவன், செழியன், பாரி, கபிலன், கண்ணகி எல்லாம் அரை நூற்றாண்டு கழித்து, தமிழாசிரியர் வழியாக, தொட்டிலுக்குப் போயின. 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய சோழர் தொடர்கதை வானதி, பூங்குழலி, அருள்மொழி, நந்தினி என்ற இன்னொரு தொகுப்பைத் தந்தது. அதில் நந்தினி பழிவாங்க வந்தவள். மகளுக்குப் பெயர் வைத்தவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஆனால் பட்டியல்களை நிரப்பியவை இலக்கியப் பெயர்களல்ல, ஒட்டிச் செய்த பெயர்கள். முன்பகுதிக்கு அன்பு, அறிவு, தமிழ், கலை, இளம், கதிர், எழில், முகில், மணி, மலர். பின்பகுதிக்கு அரசன், அழகன், செல்வன், வேந்தன், மாறன், வளவன். பெண்ணுக்கு செல்வி, அரசி, மொழி, விழி, கொடி, குழலி. இருபது முன்பகுதியும் பதினைந்து பின்பகுதியும் தெரிந்தால் முந்நூறு பெயர் செய்யலாம், எதுவும் தாத்தா பெயராக இருக்காது. சாதியும் தெரியாது, ஊரும் தெரியாது. ஆசிரியர் கையில் இது ஒரு வார்ப்பு அச்சு.

ஒட்டும்போது பிழையும் வந்தது. தமிழ்ச்செல்வி, கலைச்செல்வி என்று வல்லினம் மிக வேண்டும். பாதிப் பதிவேடுகளில் தமிழ்செல்வி, கலைசெல்வி. இளஞ்சேரன் இளம்சேரன் ஆனார். ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரத்துக்கு ஒருவர் எல் போட்டார், இன்னொருவர் இசட்-எச் போட்டார். அண்ணனும் தம்பியும் வெவ்வேறு எழுத்தில் தமிழரசன் ஆனதுண்டு. சான்றிதழுக்கும் ஆதாருக்கும் இடையே இன்று நடக்கும் திருத்த அலைச்சலில் கணிசமான பங்கு இந்த ஒற்றெழுத்துகளுக்குரியது.

அரசியல் தலைவர் பெயர்கள் தனிச் சரடு. 1930களிலிருந்தே காந்தி, நேரு, திலகர். முக்குலத்தோர் அடர்ந்த தெற்கில் போஸ். பெரியார் 1932இல் சோவியத் நாட்டிலிருந்து திரும்பிய பின் சுயமரியாதைக் குடும்பங்களில் ரஷ்யா, மாஸ்கோ, லெனின். மு.க. ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1. சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்தது மார்ச் 5. இறப்புச் செய்தி வந்த நேரத்தில் வீட்டில் பெயர் வைக்காத ஒரு குழந்தை இருந்தது. இவ்வகைப் பெயர்கள் கண்ணில் படுவது அதிகம், எண்ணிக்கையில் குறைவு. ஒரு பட்டியலில் இரண்டு லெனின் இருந்தால் அந்த ஊரில் ஒரு கிளைச் சங்கம் இருந்தது என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

பெண்களின் பெயர் முந்திக்கொண்டது

ஆண் பெயரைவிடப் பெண் பெயர் ஏறக்குறைய ஒரு தலைமுறை முன்னதாகவே மாறியது. கொள்ளி வைப்பதும், சொத்தும், குலதெய்வ வரியும் மகன் வழி என்பதால் தாத்தா பெயரை விட வீடு தயங்கியது. மகள் வேறு வீட்டுக்குப் போகிறவள்; அவள் பெயரில் கொஞ்சம் விளையாடலாம். பொன்னம்மாள், சின்னத்தாயி, அங்கம்மாள் ஆகியோரின் மகள்கள் 1940 முதல் 1960 வரை சரோஜா, கமலா, விமலா, நிர்மலா, வசந்தா, புஷ்பா, லலிதா, பத்மா. வாரப் பத்திரிகைக் கதைகளும் சினிமாவும் நகரத்தாரின் இந்த ஆகார முடிவுப் பெயர்களைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தன. 1960க்குப் பிறகு அலை இகர முடிவுக்குத் திரும்பியது: சாந்தி, வசந்தி, ஜெயந்தி, சுமதி, மாலதி, மலர்விழி, பூங்கொடி, கலைச்செல்வி. எல்லாவற்றுக்கும் பொதுவாகச் செல்வி. மணமாகாத பெண்ணுக்கு முன்னால் போடும் மரியாதைச் சொல்லும் செல்விதான் என்பதால் அழைப்பிதழ்களில் ‘செல்வி செல்வி’ என்று அச்சானதை அந்தக் காலத்தவர் பார்த்திருப்பார்கள்.

பட்டியலை எப்படி எண்ணுவது

வாக்காளர் பட்டியலின் ஒரு பாகத்தில் ஆயிரம் பேர் அளவில் இருப்பார்கள். வயது ஜனவரி 1ஆம் தேதிக்கானது. பட்டியல் ஆண்டிலிருந்து கழித்தால் பிறந்த ஆண்டு. ஆனால் வயது முதிர்ந்தவர்களின் வயது 60, 65, 70 என்று குவியும், ஆகவே ஆண்டுவாரியாகப் பிரிக்கக் கூடாது. பத்தாண்டுக் கூடைகளாகப் பிரித்து, 60, 70 போன்ற எண்கள் கூடையின் விளிம்பில் விழாமல் நடுவில் விழும்படி, அதாவது 55 முதல் 64, 65 முதல் 74 என்று எல்லை வைக்க வேண்டும்.

தனிப் பெயரை எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். ஒரு பத்தாண்டுக் கூடையில் இருநூறு பேர். அதில் ‘கலைச்செல்வி’ ஐந்து பேர் என்றால் அடுத்த ஊரில் இரண்டோ எட்டோ வருவது வெறும் தற்செயலாகவே இருக்கலாம். விகுதியை எண்ண வேண்டும்: ‘ன்’, சாமி, முத்து, ராஜ், குமார், வேல், செல்வன், ஆயி, அம்மாள், ஆகாரம், செல்வி. அதற்கு முன் எழுத்தைச் சமப்படுத்த வேண்டும். ஜெயந்தியும் செயந்தியும் ஒன்று, சரஸ்வதியும் சரசுவதியும் ஒன்று, தமிழ்செல்வியும் தமிழ்ச்செல்வியும் ஒன்று. ல, ள, ழ மாறாட்டமும் ர, ற மாறாட்டமும் தட்டச்சில் வந்தவை. வேறு பெயராக எண்ணக் கூடாது.

ஆண் வரிகளில் தந்தை பெயர் இருப்பதால் இரண்டு தலைமுறை ஒரே வரியில் கிடைக்கும்; தந்தைக்கு இருபத்தைந்து முதல் முப்பது வயது கூட்டிக்கொள்ளலாம். மணமான பெண்களின் வரியில் பெரும்பாலும் கணவர் பெயர் இருக்கும், ஆகவே தாய் வழியும் தந்தை வழியும் அறுந்துவிடும். மேலும் அந்தப் பெண்கள் பிறந்த ஊர் வேறு. பெண் பெயர்கள் அந்தக் கிராமத்தைக் காட்டுவதில்லை, அது பெண் எடுக்கும் வட்டாரத்தைக் காட்டுகின்றன. வயதானவர்களில் இன்னொரு சாய்வும் உண்டு: பள்ளிக்குப் போகாத மூதாட்டிகள் கூப்பிடும் பெயரோடு பட்டியலில் ஏறியிருப்பார்கள், அவர்களின் தம்பிமார் சான்றிதழ்ப் பெயரோடு. ‘சின்னப்பொண்ணு’ என்பது 1940களில் அப்படியொரு நாகரிகம் இருந்ததற்கு ஆதாரமல்ல. வேறு பெயர் எழுதப்படவே இல்லை என்பதற்கு ஆதாரம்.

1980 ஏன் எல்லை

அந்த ஆண்டின் இறுதியில், ஊர்ப் பதிவேடுகளைக் கையில் வைத்திருந்த பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. ஆனால் எல்லையை உண்மையில் நகர்த்தியது ஆஸ்பத்திரிப் பிரசவம். பிறந்த நேரம் நிமிடக் கணக்கில் கிடைத்தவுடன் ஜாதகம் எல்லாச் சாதிக்கும் எட்டியது. ஜாதகத்தோடு நட்சத்திர எழுத்து வந்தது. 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், மொத்தம் 108 தொடக்க ஒலிகள். அசுவினிக்குச் சு, சே, சோ, லா என்றால் சமாளிக்கலாம். அஸ்தத்துக்குப் பூ, ஷ, ண, ட. ணகரத்திலும் டகரத்திலும் தமிழ்ச் சொல் தொடங்காது, ஷகரம் தமிழ் எழுத்தே அல்ல. ஆகவே முன்பகுதியைத் தமிழில் தேடிய பழைய அச்சு இங்கே வேலை செய்யவில்லை. புத்தகக் கடையில் விற்ற பெயர்ப் புத்தகங்கள் அந்த இடத்தைப் பிடித்தன, கூடவே எண் கணிதமும். இப்போது பெயர் பள்ளிக்கு முன்பே, பிரசவ அறையிலிருந்து வீடு திரும்பும் நாட்களிலேயே முடிவாகிவிடுகிறது. சேர்க்கைப் பதிவேட்டில் ஆசிரியர் செய்வது படியெடுப்பது மட்டும். 1975க்கும் 1985க்கும் இடைப்பட்ட கூடையில் ஒரே வீட்டு எண்ணில் அக்காள் தமிழரசி, தம்பி தினேஷ் என்று வருவது இதனால்தான். அந்த வீட்டார் கொள்கை மாறவில்லை, பெயரை எழுதிய கை மாறியது.